காய்ச்சல் இல்லாத காய்ச்சல்காரன்

மேரி என்ற நகரசபை அலுவலகத்தில் ஏழைச் சான்று வாங்கியவருக்கு எல்லா நோய்க்கும் வைத்தியம் இலவசம். இது பிரெஞ்சுக்காரர் காலத்து விதி. அவர்கள் போனபின், அதில் மனநோயும் சேருமா என்று எங்கள் அதிகாரி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். ஆஸ்பத்திரியில் பதிவு குமாஸ்தாவாக இருந்த நானும் பதிலுக்குக் காத்திருந்தேன்.

பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் அஞ்சலை, ஏழைச் சான்றோடு தன் தம்பியைக் கயிற்றால் கட்டி அழைத்து வந்தாள். அவன் தூக்கமே இல்லாமல் கடலுக்குள் நடந்துபோகிறானாம்.

"உத்தரவு வரணும்மா" என்றேன்.

"காலு ஒடிஞ்சா கட்டு போடுறீங்க. புத்தி ஒடிஞ்சா கடுதாசி போடுறீங்களே சாமி! அது வர்ற வரைக்கும் இந்தக் கயிறு தாங்குமா?"

அங்கே நின்றிருந்த டாக்டர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல்னு எழுதிச் சேருங்க."

"சூடே இல்லையே, டாக்டர்?"

"காய்ச்சலுக்கு உத்தரவு வேணாமில்ல?"

எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை. எழுதினேன். அஞ்சலை கயிற்றை அவிழ்த்தாள். அவனுக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் நீடித்தது. மனநோய்க்கான வைத்தியமும் நீடித்தது.

விதிகளைப் பற்றி யார் பேசினாலும் அந்த நெற்றியில் வைத்த கைதான் எனக்கு நினைவு வருகிறது. மனநோயும் சேரும் என்ற பதில், அவன் தேறி மீண்டும் வலையெடுத்துக் கடலுக்குப் போன பிறகு, மாசி மகத்துக்கு மறுநாள் வந்தது.