ஏரியல் கம்பி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு எதிரில் அம்மா ஒரு பாசிமணிக் கிளியைக் கொண்டுவந்து வைத்தாள். பச்சை மணியில் உடம்பு, சிவப்பு மணியில் மூக்கு. "எல்லாம் இவ கைவேலைதான்" என்றாள். அந்தக் கிளி பக்கத்து வீட்டு மாமியுடையது. காலையில் இரவல் வாங்கி, சாயங்காலம் திருப்பித் தருவதாகப் பேச்சு. என் ஜன்மத்தில் நான் ஒரு மணிகூடக் கோத்ததில்லை. கிளிக்கு நாலு முழம் தள்ளி, கண்ணாடி பீரோவுக்குள், நான் எட்டு மாதம் உட்கார்ந்து செய்த ஆகாய விமானம் இருந்தது. அதைக் காட்டி, "அது எங்க பிள்ளையாண்டான் பண்ணினது" என்றாள்.

இதைச் சொல்லும்போது இப்போதும் வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த வருஷம் அப்பாவின் ஆபீஸ் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். போகிறபோது வீட்டுச் சாமான்களைக் குமாஸ்தாக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒருவருக்கு மேஜை விளக்கு, இன்னொருவருக்குச் சாய்வு நாற்காலி. அப்பாவுக்கு வாய்த்தது ஓர் அட்டைப்பெட்டி. "உன் பையனுக்குக் கொடு" என்றாராம். பெண்ணும் ஒருத்தி இருக்கிறாள் என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொன்னாரா என்று நான் கேட்கவில்லை, சொல்லியிருக்க மாட்டார்.

பெட்டிக்குள் நெட்டியைப் போலக் கனமே இல்லாத மரப்பலகைகள், அப்பளத் தடிமனில். அவற்றின்மேல் விமானத்தின் விலா எலும்புகள் அச்சடித்திருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ஒட்டி, எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் மெல்லிய காகிதம் போர்த்த வேண்டும். மடித்து வைத்த பெரிய வரைபடம் ஒன்றும் இருந்தது. நிஜ விமானத்தில் நாலடி என்றால் இதில் ஓர் அங்குலம் என்று அதன் மூலையில் போட்டிருந்தது.

அண்ணா இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். மூன்று விலாக்களை உடைத்தான், விரலை வெட்டிக்கொண்டான், "இதெல்லாம் மனுஷா பண்ற காரியமா" என்று பெட்டியை மச்சில் எறிந்துவிட்டு லஸ் பக்கம் சிநேகிதர்களைப் பார்க்கப் போய்விட்டான். இன்டர்மீடியட்டில் ஒரு தடவை கோட்டை விட்டவன், இரண்டாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் ஐதீகம்.

எனக்கு அப்போது பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தேன். "போதும், இதுக்கு மேல படிச்சா மாப்பிள்ளை தேடறது கஷ்டம்" என்று அப்பா நிறுத்திவிட்டார். மத்தியானம் சமையலறை ஒழித்த பிறகு எனக்கு வேலை இல்லை. மச்சுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

உடைந்த மூன்று விலாக்களையும் முதலில் சரி செய்தேன். அப்பா சவரம் செய்து தூக்கிப்போட்ட பிளேடுதான் கத்தி. பெட்டியில் இருந்த பசை காய்ந்து கட்டையாகியிருந்தது, அதனால் வேலம் பிசினை ஊறவைத்துக்கொண்டேன். ஜன்னல்களுக்குப் பழைய போட்டோ நெகடிவை வெந்நீரில் தேய்த்துக் கண்ணாடியாக்கினேன். வரைபடத்தில் இல்லாததையும் செய்தேன். விமானியின் நாற்காலி, அவன் முன்னாலிருக்கும் கடிகாரங்கள், ஊசி முனையால் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் முள். கதவுக்குக் கீல் வைத்தேன், திறந்து மூடலாம். மீனம்பாக்கம் போகிற விமானங்கள் மயிலாப்பூருக்கு மேல் தாழ்வாகப் போகும். சத்தம் கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். எந்த இடத்தில் புகைக்கரி படிந்திருக்கிறது, எங்கே வண்ணம் உரிந்திருக்கிறது என்று பார்த்து வந்து அப்படியே தீட்டுவேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

கடைசியில் மிச்சமிருந்தது ஏரியல் கம்பி. விமானத்தின் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடுகிற ரேடியோக் கம்பி. பெட்டியில் அதற்கென்று வைத்திருந்த நூலைக் கட்டிப் பார்த்தேன். சகிக்கவில்லை. நாற்பத்தெட்டால் பெருக்கிப் பார்த்தால் நிஜ விமானத்தில் தேர்வடத்தைக் கட்டினமாதிரி ஆகும். பட்டு நூலைப் பிரித்துப் பார்த்தேன், அதுவும் தடிமன், பிசிறு வேறு. தலை வாரிக்கொள்ளும்போது சீப்பில் சிக்கியதைப் பார்த்ததும்தான் தோன்றியது. நீளமாக ஒன்றைப் பிடுங்கி, இரண்டு முனையிலும் பிசின் தொட்டு இழுத்து ஒட்டினேன். அளவு கச்சிதம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, சொல்வதற்கென்ன.

விமானம் கூடத்துக்கு வந்தது. அண்ணாவின் சிநேகிதர்கள் வாயைப் பிளந்தார்கள். அண்ணா கை கூசாமல் மீசையைத் தடவிக்கொண்டான். நான் சண்டைக்குப் போனேன்.

"பெட்டியை துரை எனக்குத்தானேடி குடுத்தார்" என்றான்.

"பெட்டி உன்னது. விமானம் என்னது."

அம்மா குறுக்கே வந்தாள். "ஒரு பொண்ணு ஏரோப்ளேன் பண்ணிண்டு ஒக்காந்திருந்தான்னு தெரிஞ்சா உன்னை யாருடி பார்க்க வருவா? வாயை மூடிண்டு இரு."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "யார் பண்ணினா என்ன, நம்மாத்துலதானே இருக்கு" என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த விமானத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "இதை நீ பண்ணினாயா" என்று கேட்க வேண்டும். பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம். அந்தக் கேள்வி போதும்.

அப்போதுதான் மாம்பலத்திலிருந்து ஜாதகம் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் ஆகாய விமானம் செய்கிற இடத்தில் வேலை. அதுவரை பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே முகத்தைத் தூக்கிக்கொள்கிறவள், அன்றைக்கு நானே புடவையை எடுத்து வைத்தேன். அவன் சிவப்பா கறுப்பா என்று எனக்குக் கவலையில்லை. விமானம் தெரிந்தவன் வருகிறான். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவான் என்று நம்பினேன். அசடு.

அவன் கண்டுபிடிக்கத்தான் செய்தான். பாதி பஜ்ஜியில் எழுந்து பீரோ அருகில் போனான். என்னைப் பார்க்க வந்தவன் என்னை அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. அதற்காக நான் கோபப்படவில்லை, சரியானதைத்தான் பார்க்கிறான் என்றிருந்தது. அண்ணாவைக் கூப்பிட்டு விமானத்தை வெளியே எடுக்கச் சொன்னான். கதவைத் திறந்து மூடினான். உள்ளே எட்டிப் பார்த்துக் கடிகாரங்களை எண்ணினான்.

"காகிதம் எப்படி இவ்வளவு விறைப்பா நிக்கறது?" என்று கேட்டான்.

"அது வந்து, நன்னா ஒட்டணும்" என்றான் அண்ணா. தண்ணீர் தெளித்துக் காயவைக்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இந்த ஏரியலுக்கு என்ன போட்டிருக்கேள்? இவ்வளவு மெல்லிசா நான் எங்கேயும் பார்த்ததில்லை."

"பட்டு நூல்" என்றான் அண்ணா. "சைனா பஜார்ல கிடைக்கறது."

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. கேசம் என்று சொல்லியிருக்கலாம், தலைமுடி என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"நூலும் இல்லை, பட்டும் இல்லை" என்றேன். "அது என் மயிர்."

பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த வார்த்தை எங்கள் வீடுகளில் எதற்குப் பயன்படும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். பொய். இரண்டு அர்த்தத்திலும்தான் சொன்னேன்.

அண்ணா சுதாரித்துக்கொண்டான். "ஆமாம், ஒரு இழை இவகிட்டேர்ந்துதான் வாங்கிண்டேன்" என்று சிரித்தான். எட்டு மாத வேலையில் என் பங்கு ஓர் இழை என்று ஆயிற்று.

ஆனால் அந்தப் பையன் சிரிக்கவில்லை. ஏரியலைப் பார்த்தான். திரும்பி என் பின்னலைப் பார்த்தான். பிறகு என் விரல்களைப் பார்த்தான், பிளேடு கிழித்த தழும்புகள் அத்தனையும் அதில் இருந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது. சத்தியம் செய்வேன். கேட்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

பத்து நாளில் கார்டு வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். பொருந்தியது என்று சொல்லித்தான் வந்து பஜ்ஜி தின்றார்கள். அம்மா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே வாரம் அண்ணாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது, அந்தப் பையன் எழுதியது. வேலை பழக ஆட்கள் எடுக்கிறார்கள், உங்களைப்போல் கைத்திறன் உள்ளவர்கள் வேண்டும், விமானத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று. எல்லாம் தெரிந்தே எழுதினான். தெரியாமல் எழுதியிருந்தால் அவனை எப்போதோ மறந்திருப்பேன்.

விமானத்தைப் பெட்டியில் கட்டத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். கட்டிக் கொடுத்தேன். ரிக்‌ஷாக்காரர் பெட்டியின் சந்து வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னாமா உள்ள கீது? வாலு தெரியுது" என்றார்.

"ஏரோப்ளேன்" என்றேன்.

"அட. யார் செஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்பா" என்று அண்ணா ஏறி உட்கார்ந்துவிட்டான். வண்டி போய்விட்டது.

அவனை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து எனக்கென்று தனியாக ஒரு கவர் வந்தது. மேலதிகாரி ஒருவர் வேறு விமானத்தின் வரைபடத்தைக் கொடுத்து, இதையும் செய்து காட்டு என்று சொல்லிவிட்டாராம். அண்ணா கெஞ்சியிருந்தான். "நீ பண்ணின மாதிரியே ஆதியிலிருந்து எழுதி அனுப்பு. ஒண்ணையும் விட்டுடாதே. படிச்சதும் கிழிச்சுடறேன்."

இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். எட்டுப் பக்கம். இறக்கைக்குக் காகிதம் ஒட்டித் தண்ணீர் தெளிக்கிற இடம் வந்ததும் பேனா நின்றது. காய்கிற வரைக்கும் இறக்கையைக் குண்டூசி குத்திப் பலகையில் படுக்க வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காகிதம் இழுத்து இறக்கை முறுக்கிக்கொள்ளும், திரும்பச் சரி செய்யவே முடியாது. அந்த ஒரு வரியை நான் விட்டுவிட்டால் போதும். எல்லோர் எதிரிலும் அவன் சாயம் வெளுத்துவிடும். காபி வைக்கிற நேரம் வரைக்கும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வரியை எழுதி, அதன் கீழே கோடும் போட்டேன்.

தீபாவளிக்கு அண்ணா வந்தான். அம்மா மைசூர்பாகு தட்டோடு அவனையே சுற்றிச் சுற்றி வந்தாள். அப்பா வந்தவர்களிடமெல்லாம் பிள்ளையின் கைத்திறனைச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக அகப்பட்டபோது, "கிழிச்சுட்டேன், கவலைப்படாதே" என்றான் என்னிடம். கவலை யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"இறக்கை கோணாம வந்துதா?"

"துளிக்கூடக் கோணலை" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணாவை மன்னித்துவிட்டேன், அந்த மாம்பலத்துப் பையனைக்கூட மன்னித்துவிடலாம். அந்த நிமிஷத்துச் சந்தோஷத்துக்காக என்னை மட்டும் மன்னிக்க முடியவில்லை.