கம்ப்யூட்டரைப் பூட்டியபடியே எழுப்புவது

என் வாழ்நாளில் நான் அதிகம் திட்டியது ஒரு கம்ப்யூட்டரைத்தான். அது என் வீட்டில்கூட இல்லை. ராஜபாளையத்தில், நான் கணக்கெழுதும் பேண்டேஜ் துணிக் கம்பெனியின் ஆபீசில் இருந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதைத் திட்டினேன்.

எல்லாம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததில் ஆரம்பித்தது. தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்தார்கள். கம்பி நன்றாக இருக்கிறது, இனிமேல் இவர்கள்தான் எழுந்து நிற்க வேண்டும் என்றார் டாக்டர். படுத்தே கிடந்தால் பிறகு நடப்பதே கஷ்டமாகிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து வாக்கரைப் பிடித்து எழுந்த முதல் தடவையே அவளுக்குக் கால் மடங்கிவிட்டது. நான் தாங்கிப் பிடித்ததால் விழவில்லை. அன்றோடு சரி. அதன் பிறகு கட்டிலோரம் நின்ற வாக்கரில் அவள் ஈரத் துண்டைக் காயப்போட ஆரம்பித்தாள்.

பகலில் துணைக்கு இருக்க அவள் தங்கை, வ. புதுப்பட்டி கிராமத்திலிருந்து தினமும் வந்தாள். மாட்டு வேலையை முடித்து, பஸ் பிடித்து அவள் வந்து சேர்வதற்குள் நன்றாக வெயில் ஏறிவிடும். அதுவரை நான் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆனால் காலையில் லாரி கிளம்புவதற்கு முன் பில் போட்டாக வேண்டும். பில் போடும் கணக்கெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. வீட்டு லேப்டாப்பிலிருந்தே அதற்குள் நுழைந்து வேலை பார்க்க வழி உண்டு. ஆனால் அது விழித்திருக்க வேண்டுமே! அந்நேரம் ஆபீசில் இருப்பது வாட்ச்மேன் மட்டும்தான், அவருக்குக் கம்ப்யூட்டரைப் போடத் தெரியாது.

ராத்திரி முழுக்க ஓடவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"பஞ்சு கெடக்குற எடம்யா இது. சூடாகி ஒரு பொறி தெறிச்சா என்னத்துக்கு ஆகும்? ராத்திரி தூங்கட்டும், காலைல எழுப்பிக்கோ. ஆனா பாஸ்வேர்டு இருக்கணும். எல்லார் சம்பளமும் அதுக்குள்ளதான கெடக்கு."

எழுப்பிக்கோ என்று சொல்ல அவருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். "பாஸ்வேர்ட எடுத்துருங்க சார், தன்னால எந்திரிச்சிரும்" என்றார். வாசல் பூட்டைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள் இருப்பவன் சீக்கிரம் எழுந்துவிடுவானா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, வேறு வேலை இருப்பதாக வைத்துவிட்டார். எழுப்புவது வேறு, பூட்டுவது வேறு என்பதைத் தட்டுத் தடுமாறி நானேதான் கண்டுபிடித்தேன். பூட்டு அது பாட்டுக்கு இருக்கும். தினமும் காலை ஆறரைக்கு ஒரு வேலை என்று நேரம் குறித்து, இதற்காகக் கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டேன். எழவில்லை. மின்சாரம் சம்பந்தப்பட்ட இன்னொரு பக்கத்தில், இப்படி எழுப்ப அனுமதி உண்டா என்ற கேள்வி தனியாக இருந்தது. அதற்கு இல்லை என்ற பதிலும் ஏற்கெனவே இருந்தது. அதையும் மாற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் எழுந்தேவிட்டது. என் லேப்டாப்பில் ஆபீஸ் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு இறக்கி வைக்கப் போனேன். திரும்பி வந்தால் புள்ளி இல்லை. தானாக விழித்த கம்ப்யூட்டரை யாரும் தொடாவிட்டால் இரண்டே நிமிடத்தில் மறுபடி தூங்கிவிடுமாம். இரண்டு நிமிடத்துக்காக ஒருவரை எழுப்புகிற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. அதையும் மாற்றலாமாம், எங்கோ ஆழத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. பாலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆறேகாலுக்கே போய் மேஜை முன்னால் உட்கார ஆரம்பித்தேன்.

இரண்டு நாள் வேலை நடந்தது. மூன்றாம் நாள் ஆறரை தாண்டி, ஏழும் ஆகிவிட்டது. பச்சையைக் காணோம். ஆபீசுக்குப் போன் அடித்தேன். வாட்ச்மேன் எடுத்தார்.

"ராத்திரி கம்ப்யூட்டர் பிளக்க அமத்திட்டேன் சார்."

"அமத்தக் கூடாதுன்னு சொன்னேனே அண்ணாச்சி! கரண்டு இல்லாம அது எப்படி எந்திரிக்கும்?"

"சொன்னீக. ஆனா பூட்டுறதுக்கு முன்ன அம்புட்டு சுவிட்சையும் அமத்தலைன்னா எனக்குச் சோறு எறங்காது சார். கை தன்னால போயிருது."

அன்று ஆபீஸ் கம்ப்யூட்டர், அதைச் செய்த கம்பெனி, பஞ்சு, லாரி எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். கட்டிலில் இருந்து அவள் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, செத்த நேரம் சும்மா இருங்களேன். அது மிஷினு, அதுக்கு என்ன தெரியும்?"

"அதுவும் எந்திரிக்க மாட்டேங்குது, நீயும் எந்திரிக்க மாட்டேங்குற. நான் யாரத்தான் ஏச?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. இவள் இப்படியே கிடந்துவிடுவாளோ என்ற பயம். அதை அவளிடம் சொன்னால் அழுவாள். கம்ப்யூட்டரைத் திட்டினால் அது அழாது.

அதன் பிறகும் வாரத்தில் இரண்டு நாளாவது வாட்ச்மேன் கை தன்னால் பிளக்குக்குப் போய்விடும். இப்படியே மாதங்கள் ஓடி ஆயுத பூஜை வந்தது. மச்சினி இருந்த நேரத்தில் ஆபீசுக்குப் போயிருந்தேன். தறி, தராசு, பீரோ, கால்குலேட்டர் என்று வாட்ச்மேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்கு வைத்து முடித்ததும், அதன் பிளக் சுவிட்சைக் காட்டி, "இதுக்கும் ஒண்ணு வைங்க அண்ணாச்சி, நல்லாக் கெட்டியா" என்றேன். சுவிட்ச் போட்டிருந்த நிலையிலேயே வைத்தார். அதை அமுக்கினால் பொட்டு கலையும். அன்று சாயங்காலம் வரிசையாக எல்லாவற்றையும் அமத்திக்கொண்டு வந்தவர், அங்கே வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போனார். நான் மாதக்கணக்கில் சொல்லியும் புரியாதது ஒரு சிட்டிகைக் குங்குமத்தில் புரிந்துவிட்டது.

பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள். வாசலில் லோடு ஏற்றிய லாரி நிற்கிறது என்று ஆறு மணிக்கே முதலாளி போன் செய்துவிட்டார். ஆறரைக்குப் பச்சைப் புள்ளி வந்தது. "வந்துட்டியா! வாடா என் ராசா, வா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். மவுசில் கை வைக்கப் போனேன்.

முதுகுக்குப் பின்னால் தரையில் ரப்பர் இழுபடும் சத்தம்.

திரும்பினேன். அறை வாசலில் அவள் நின்றாள். இரண்டு கையாலும் வாக்கரை இறுக்கிப் பிடித்திருந்தாள். துண்டு இன்னும் அதில்தான் தொங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை, முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"மில்லுச் சங்கு கணக்கா எதுக்குக் கத்துறீக? என்னமோ ஏதோன்னு பதறிப்போயி வாரேன்."

சொன்ன பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"கிட்ட வராதீக. புடிக்காதீக. நிக்கேன்."

அப்படியே நின்றேன். மேஜையில் பச்சைப் புள்ளி அந்த இரண்டு நிமிடம் இருந்தது, பிறகு அணைந்தது. போன் அடித்தது.

"லாரிக்குத்தான் கூப்புடுறாக. எடுங்களேன்" என்றாள்.

"லாரி நிக்கட்டும். நீ இன்னும் ஒரு எட்டு எடுத்து வை" என்றேன்.