அக்கா தனியே உட்கார்ந்த ஏழு மாதங்கள்

1983ஆம் வருஷம், கார்த்திகை தீபத்தன்று மாலை. அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அக்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலை உச்சி நேராகத் தெரியும் என்பதால், அங்கே நின்றுதான் குறிப்பு எடுப்பேன்.

தீபம் ஏறியது. மாடியில் இருந்த இருபது பேரும் கைகூப்பினார்கள். அக்காவை மட்டும் காணவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால், பின்கட்டில் ஒரு பாயில், தனித் தட்டு, தனிச் சொம்புடன் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தூரம்டா. நீ மேல போ" என்றாள்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் யார் எப்போது ஒதுங்கி உட்காருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், எனக்கும் அது தெரியும். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஏழு மாசமா விட்டு விட்டு வருது. வயசான காலத்துல இத யார்கிட்ட போய்ச் சொல்றது?"

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்கே தெரிந்திருந்தது. மருமகள் தட்டைத் தள்ளி வைத்தாள். மாமா, உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா, "உனக்கு வயசு திரும்புதுக்கா" என்று கிண்டல் செய்தாராம். அவள் பூஜை அறைப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்ட அத்தனை பேரில் ஒருவருக்கும், டாக்டரிடம் போகலாம் என்று தோன்றவில்லை. அந்த ஏழு மாதத்தில் அந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்ட என் கண்ணிலும் அது படவில்லை.

டாக்டர் தெரியாத குடும்பமும் இல்லை. அக்காவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை, கூடவே ரத்தக்கொதிப்பு. மாதாமாதம் ஒரு டாக்டரிடம் போவாள். சிறுநீரைச் சோதித்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி, எடையும் ஜாஸ்தி, சோத்தைக் கம்மி பண்ணுங்க என்பார். எங்க வீட்ல சோத்துக்குப் பஞ்சம் இல்லீங்க என்று மாமா சிரிப்பார். கல்யாண வீடுகளில் அக்காவின் பருமனைப் பார்த்து மகாலட்சுமி என்பார்கள். காலில் புண் இருக்கிறதா என்று தவறாமல் கேட்ட அந்த டாக்டர், உதிரம் படுகிறதா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஆம்பிளை டாக்டரிடம் அக்காவும் சொல்லவில்லை.

டாக்டரிடம் காட்டலாம் என்றேன். பௌர்ணமிக் கூட்டம் வடியட்டும் என்றார் மாமா. நான் கேட்கவில்லை. மறுநாளே ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாமாவும் முனகிக்கொண்டே வந்தார். டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"தனியா உக்கார வெக்கத் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வரத் தெரியலையா?"

மாமா தரையைப் பார்த்தார். நானும்தான்.

பிறகு டாக்டர் நிதானமாக விளக்கினார். விலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டால் எந்தப் பெண்ணும் உடனே காட்ட வேண்டுமாம். பருமன், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மூன்றும் சேர்ந்தவர்களுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாம். உடம்பில் சேரும் கொழுப்பு, பெண்மைக்கான சுரப்பை விலக்கு நின்ற பிறகும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அது கர்ப்பப்பையின் உள்தோலை வருஷக்கணக்கில் தூண்டிவிடும் என்றார். எட்டு வருஷம் மாத்திரை வாங்கிய இடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

வேலூருக்கு அனுப்பினார். கர்ப்பப்பையின் உள்சதையைச் சுரண்டிச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நோய் அதைத் தாண்டிப் பரவவில்லை என்றார்கள்.

அக்கா வீடு திரும்பியதும் மாமா கோயிலில் அர்ச்சனை செய்தார். பார்க்க வந்தவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். அக்காதான் வந்த பெண்கள் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு நின்னுப்புட்டு மறுபடி ஏதாவது பட்டுதா? வெக்கப்படாம சொல்லு" என்று கேட்டாள். ஆம்பிளைங்க இருக்காங்க என்று மாமா அடக்கப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு அக்கா பதினோரு வருஷம் இருந்தாள். அவளுக்கு அந்த வருஷங்களைக் கொடுத்தது எங்கள் அக்கறை அல்ல, அந்த நோய் மெதுவாக வளர்ந்தது மட்டும்தான் என்று நினைக்கும்போது, இன்றும் எனக்கு நிம்மதி வருவதில்லை, கோபம்தான் வருகிறது.