ஃபெர்மின் பெயர்த்த கல்

ஆண்டிஸ் மலையில் எங்கள் ஊர்ச் சபையில் என் புருஷன் ஃபெர்மினைப் போல் அழ ஆள் கிடையாது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று, குடித்துச் சீரழிந்த கதையைச் சாட்சியாகச் சொல்லி அழுவார். கூடவே சபையும் அழும். நான் மட்டும் அழமாட்டேன். எனக்குக் கல்லைப் பற்றித் தெரியும்.

எங்களுக்கும் கீழ்வயல்காரி விதவை நிக்கோலாசாவுக்கும் ஒரே வாய்க்கால். ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் மடையருகே தண்ணீருக்கடியில் ஒரு தட்டைக் கல்லைப் பதித்துவிட்டார் மனுஷர். அவள் முறைத் தண்ணீரில் பாதி எங்கள் உருளைக்கிழங்குக்குத் திரும்பிவிடும். வருஷா வருஷம் ஊரே கூடித் தூர்வாருகிறோமே, யாரும் பார்க்கவில்லையா என்றால், அவரவர் வயலோரத்தை அவரவரே வாருவதுதான் இங்கே வழக்கம். திருடன் கையிலேயே சாவி. நானும் வாய் திறக்கவில்லை. கிழங்கை நானும்தானே தின்றேன்.

போன வருஷம் மழை பொய்த்தது. நிக்கோலாசாவின் சோளம் முழங்காலோடு நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில் ஃபெர்மின் சபையில் ஞானஸ்நானம் கேட்டு அழுதார். அவளே வந்து தோளைத் தட்டி, ஆண்டவர் எப்போதோ மன்னித்துவிட்டார் என்று தேற்றினாள். வீட்டுக்கு வந்தவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க கண்ணுத் தண்ணி அவ சோளத்துக்குப் பாயாது. கல்லை எடுத்துட்டு அழுங்க."

யாருக்கும் தெரியாமல் எடுத்திருக்கலாம். அவரோ தூர்வாரும் நாளில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் கண்முன்னே பெயர்த்தார். தண்ணீர் திருடினவனுக்கு ஒரு வருஷம் முறை கிடையாது, அது ஊர்க் கட்டுப்பாடு. ஊருக்குத் தண்ணீர் முறை விடுகிறவர் என் அண்ணன் லிசாண்ட்ரோ. வெள்ளத்தில் உருண்டு வந்த கல்லாக இருக்கும் என்று தப்பிக்க வழி காட்டினார். ஃபெர்மின் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"உருண்டு வரல மச்சான். நான் வச்சது. ஒன்பது வருஷமாச்சு."

நிக்கோலாசா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வரணும்னு ஒன்பது வருஷமா முழங்கால் போட்டு ஜெபிச்சேனேடா, பாவி."

மறுமாதம் ஃபெர்மின் ஞானஸ்நானம் எடுத்தார். சாட்சி சொல்லவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

இப்போது நிக்கோலாசாவின் சோளம் ஆள் உயரம். மேலே எங்கள் வயல் தண்ணீர் முறையில்லாமல் வெடித்துக் கிடக்கிறது. சந்தைக்குப் போகிறவர்கள் இந்தக் காய்ந்த வயல் யாருடையது என்று கேட்டால், நான் நிமிர்ந்து நின்று சொல்கிறேன்: என் புருஷன் ஃபெர்மினுடையது.