அண்ணன் எடைக்கு உப்பு

அண்ணன் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மா. மற்றவர், அண்ணன் பதினோரு வருடம் வேலை பார்த்த ஸ்ரீரங்கம் டூவீலர் ஸ்டாண்டின் முதலாளி. அப்பா நெல் லோடு ஏற்றிய லாரியுடன் சேலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். லால்குடி அத்தை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நான் சென்னையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தேன். மற்ற சொந்தபந்தங்கள் நீங்கள் எல்லோரும் சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தீர்கள்.

வந்தவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "நேத்து வரைக்கும் வண்டி எடுத்து விட்டுக்கிட்டு இருந்தான். வாந்தி பேதிக்கா ஒரு ஆள் போவான்?" அதற்கான பதிலை ஓராண்டு கழித்து இந்த நினைவு மலரில் சொல்ல முயல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் லால்குடிக்கு வடக்கே எங்கள் கிராமத்தில் முதல் பிள்ளையாகப் பிறந்தார். பிறந்த மூன்றாவது வாரம் குடித்த பாலையெல்லாம் கக்கினார். எடை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. நிறம் நாளுக்கு நாள் கறுத்தது. பால் ஒத்துக்கவில்லை என்றார்கள், திருஷ்டி என்றார்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அழக்கூடத் தெம்பில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த பெண் டாக்டர் அம்மாவிடம், "இந்தப் பிள்ளை உடம்புல உப்பு தங்கலம்மா. அவ்வளவும் ஒண்ணுக்குல போயிடுது" என்றார்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சிறு சுரப்பி இருக்கிறது. உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது, ரத்த அழுத்தத்தைத் தாங்குவது, காய்ச்சலோ அடியோ வந்தால் அதற்கு ஈடுகொடுப்பது எல்லாம் அங்கிருந்து வரும் நீரால்தான். அண்ணனுக்கு அந்தச் சுரப்பிகள் பிறவியிலேயே இல்லை. ஸ்கேனில் அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிக அபூர்வமாக வருவது. பிற்பாடு நான் பிறந்ததும் என்னையும் சோதித்தார்கள். எனக்கு இரண்டும் இருந்தன.

இல்லாத சுரப்பியின் வேலையை மாத்திரை செய்ய வேண்டும். ஆயுள் முழுக்க, தினமும், வேளை தவறாமல். காய்ச்சல் வந்தால் மாத்திரை இரட்டிப்பு. வாந்தி எடுத்தால் மாத்திரை வயிற்றில் தங்காது, உடனே ஊசி. அதோடு பாலில் உப்புக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அண்ணனின் ஜாதகம் இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று அம்மா நேராக வீட்டுக்கு வரவில்லை. பிள்ளையோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி சமயபுரம் கோவிலுக்குப் போனார். அங்கே அவர் வேண்டிக்கொண்டது இது: பிள்ளைக்கு மாத்திரை நிற்கிற அன்று அவன் எடைக்கு உப்புக் கொடுப்பது, அதுவரை தன் வாயில் உப்புப் படாமல் இருப்பது.

அப்பா திட்டியிருக்கிறார். "டாக்டரு அவனுக்கு உப்பக் குடுன்னு சொல்றாங்க, நீ எதுக்குடி உப்ப விடுற?"

"என் பங்கையும் சேத்து அவன் சாப்பிடட்டும்" என்றாராம் அம்மா.

அவசரத்துக்கு ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று குடும்பம் ஸ்ரீரங்கத்துக்கு வந்தது. ஒற்றை அறை வாடகை வீடு. அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். எங்கள் வீட்டில் குழம்பு கொதித்ததும் அம்மா தனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் உப்புப் போடுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சமைப்பார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு ஆறு வயதில் ஒரு சம்பவம். ஊரில் திருவிழா என்று அத்தை வீட்டில் தங்கியிருந்தபோது, கல் உப்பை அவர் மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்வதை அத்தை பார்த்துவிட்டார். உப்புத் தின்றுதான் பிள்ளை கறுக்கிறான் என்று முடிவு செய்து, ஜாடியை நெற்குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மூன்றாம் நாள் அண்ணன் வெயிலில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று கேட்டதும் அத்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் பழத்தோடு ஒரு பை கல் உப்பும் கொண்டுவருவார். "பழம் சின்னவனுக்கு, உப்பு பெரியவனுக்கு" என்பார்.

அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு நின்றார். பள்ளி மைதான வெயிலில் இரண்டு முறை விழுந்த பிறகு ஹெட்மாஸ்டர் பயந்துவிட்டார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலையாக டூவீலர் ஸ்டாண்டு கிடைத்தது. டோக்கன் பெட்டியில் ஒரு விபூதி டப்பா நிறைய உப்பு வைத்திருப்பார். கோவிலுக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பிரசாதமா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, எடுத்துக்கங்க" என்று அவர் கையில் ஒரு சிட்டிகை வைத்தாராம். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டபின் முகம் போன போக்கை அண்ணன் நடித்தே காட்டுவார்.

முதலாளியும் கேலி செய்வார். "இம்புட்டு உப்பு திங்கிற, சம்பளம் ரெண்டு நாள் தள்ளிப்போனா ஒரு ரோஷம் வருதாடா உனக்கு?"

"எங்கண்ணே, ரோஷம் பூரா ஒண்ணுக்குல போயிடுதே."

அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரி படித்தேன்.

போன வருடம் பொங்கல் விடுமுறையில் நான் ஊருக்கு வந்திருந்தேன். மதியம் கூட்டம் இல்லாத நேரம், ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் கேட்டார்.

"தம்பி, எனக்கு ஒரு வேலை செய்யணும்டா."

"சொல்லுங்கண்ணே."

"எனக்கு மாத்திரை வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு அம்மாகிட்ட நீ சொல்லணும். நான் சொன்னா நம்பாது. படிச்சவன் நீ சொன்னா நம்பும். எடைக்கு உப்பக் குடுத்துட்டு, அதுவும் வாய்க்கு ருசியா சாப்பிடட்டும்."

"அப்ப மாத்திரை?"

"ஸ்டாண்டுல வச்சுப் போட்டுக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

நான் முடியாது என்றேன். ஒளித்து வைத்துச் சாப்பிட்டால் ஒரு வேளை தவறும், அவசரத்தில் அம்மாதான் ஊசி போட வேண்டும், மாத்திரை நின்றதாக நம்பிவிட்டால் ஊசியையும் மறந்துவிடுவார் என்று சொன்னேன். நான் சென்னைக்குப் போகுமுன் அம்மாவுக்கு ஒரு சாத்துக்குடியில் ஊசி குத்தப் பழக்கியிருந்தேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இதுக்காடா உன்னயப் படிக்க வச்சேன்?" என்று சிரித்துவிட்டு, வந்த வண்டிக்கு டோக்கன் கொடுக்க எழுந்து போனார். அதன்பின் இரண்டு முறை போனிலும் கேட்டார். இரண்டு முறையும் அதே பதிலைச் சொன்னேன்.

சித்திரைத் தேருக்கு முந்தின நாள். ஸ்டாண்டில் வண்டி வைக்க இடமில்லை. காலை மாத்திரை போட்டுக்கொண்டுதான் அண்ணன் வேலைக்குப் போனார். பத்து மணிக்கு வயிறு சரியில்லை என்றிருக்கிறார். வீட்டுக்குப் போகச் சொன்ன முதலாளியிடம், "இந்தக் கூட்டத்தை அனுப்பிட்டுப் போறேண்ணே" என்றிருக்கிறார். டோக்கன் பெட்டியில் அவசரத்துக்கு வைத்திருந்த மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். அது வாந்தியில் வந்துவிட்டது. மறுபடி போட்டதும் தங்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். முதலாளி சைக்கிளில் போய் அம்மாவை ஊசியோடு கூட்டிவந்தார். அம்மா ஸ்டாண்டிலேயே ஊசி போட்டார். ஆட்டோ கூட்டத்தைக் கடந்து காவிரிப் பாலம் தாண்ட நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். ரத்த அழுத்தம் ஏறவில்லை.

அம்மா ஊசியைச் சரியாகத்தான் போட்டிருந்தார். டாக்டர் அதை என்னிடம் தனியாகச் சொன்னார். இதைப் படிக்கும் யாரும் அம்மாவிடம் வேறு விதமாகக் கேட்க வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். வாந்தி பேதியில் ஒரு ஆள் போவானா என்ற கேள்விக்குப் பதில், அண்ணனைப் போன்றவர்கள் போவார்கள் என்பதுதான். நமக்கு இரண்டு நாள் படுக்கை, அவர்களுக்குச் சில மணி நேரம். அண்ணன் இருபத்தேழு வயது வரை இருந்தார்.

காரியம் முடிந்த அன்று அம்மா வீட்டிலிருந்த அண்ணனின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். கடைசி நாளின் மதிய மாத்திரையும் இரவு மாத்திரையும் அப்படியே இருந்தன. "மாத்திரை நின்னுடுச்சு. குடுக்க வேண்டியதக் குடுத்துடணும்" என்றார். வருஷம் திரும்பும் வரை கோவிலுக்குப் போகக்கூடாது என்பதால் காத்திருந்தோம். திதி, தேதிக்குச் சில நாள் முன்னதாகவே வந்துவிட்டது. அதை முடித்துக்கொண்டு சமயபுரம் போனோம். இதற்காகவே மலரை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் உப்பு ஐம்பது கிலோ மூட்டையாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அண்ணனின் எடை நாற்பத்தெட்டு. "முழுசாவே குடுத்துடலாம் அண்ணி, ஆத்தாவுக்குத்தானே" என்றார் அத்தை. "அவன் நாப்பத்தெட்டுதான்" என்று சொல்லி அம்மா மூட்டையைப் பிரித்து இரண்டு கிலோவை வெளியே எடுக்க வைத்தார்.

கோவிலில் துலாபாரத் தராசுக்காரர், "உக்கார வைங்கம்மா. ஆள் எங்க?" என்றார்.

"வரலீங்க. எடை இருக்கு" என்று அம்மா சீட்டை நீட்டினார்.

அவர் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஆள் உட்கார வேண்டிய தட்டில் இரண்டு இருபது கிலோக் கற்கள், ஓர் ஐந்து, ஒரு இரண்டு, ஓர் ஒன்று என்று வைத்து, எதிர்த் தட்டில் உப்பை ஏற்றினார்.

வெளியே வந்து ஓட்டலில் தயிர்ச்சாதம் வாங்கினோம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "கரிக்குதுடா" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு உப்பு குறைவாகவே தெரிந்தது. அப்போதுதான் அண்ணன் என்னைச் சொல்லச் சொன்ன பொய்யை அம்மாவிடம் சொன்னேன். "நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றார் அம்மா. பிறகு மீதிச் சாதத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

அண்ணனை முதலில் காப்பாற்றிய அந்தப் பெண் டாக்டருக்கும், கிடைக்காத மாத்திரையைச் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்த மருந்துக்கடைக்காரருக்கும், அன்று சைக்கிளில் ஓடிய முதலாளிக்கும், இருபது வருடம் உப்புச் சுமந்த அத்தைக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மீதி இரண்டு கிலோ உப்பு எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. அதற்கான இருபத்துநான்கு ரூபாயை என்னைக் கொடுக்கச் சொன்னார் அம்மா. வேண்டுதலுக்கானதை மட்டும் தன் சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். கிலோ பன்னிரண்டு வீதம், நாற்பத்தெட்டு கிலோவுக்கு ஐந்நூற்று எழுபத்தாறு ரூபாய்.