மேப்பிளின் கழுத்து மண்

அன்றைக்கு அந்த மரத்தடியில் நின்றவர்கள்: எங்கள் மரம் வெட்டும் கொம்பனியின் பொஸ் மனுவல். நான். வீட்டுக்கார அன்ரி. அவரின் மகன் கண்ணன். முன் அறை ஜன்னலுக்கு உள்ளே, கட்டிலில், அங்கிள். பாரிசவாதம் வந்து பேச்சுப் போனவர். ஆனால் ஜன்னலால் எல்லாம் பார்ப்பார்.

இடம் அஜின்கோர்ட், புலம்பெயர்ந்த எங்கள் சனம் கூடிய பகுதி. தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஓகஸ்ட். மரம் சில்வர் மேப்பிள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டாது. வீட்டைவிட வயது கூட.

கோடையிலேயே மரத்தின் தலை மொட்டையாக இருந்தது. இருந்த இலையும் சிறுத்து மஞ்சளாகிவிட்டது. வீட்டுப் பக்கம் சாய்ந்த பெரிய கொப்பு ஒன்றில் இலையே இல்லை. அதற்கு நேர் கீழேதான் அங்கிளின் கட்டில்.

கண்ணன்தான் எங்கள் கொம்பனிக்கு போன் பண்ணியிருந்தான்.

"வெட்டுங்கோ. காத்துக்கு முறிஞ்சு அப்பான்ரை தலையிலை விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்றான்.

"உவனுக்குக் கார் விட இடம் வேணும். அதுதான் கதை," என்றார் அன்ரி.

மனுவல் போர்த்துக்கல்காரர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல உடைந்ததுதான். அதைத் தமிழில் எழுதுகிறேன். அவர் றப்பர் சுத்தியலால் மரத்தைத் தட்டிக்கொண்டு சுற்றி வந்தார். பிறகு குந்தி இருந்து அடியைப் பார்த்தார்.

"மரத்தின்ரை கழுத்து எங்கை? யானைக்கால் மாதிரி விரிஞ்செல்லோ இருக்கவேணும். இது லைற் போஸ்ற் மாதிரி நேரா இறங்குது. ஆரோ மண்ணாலை மூடிப்போட்டாங்கள். ஆர் போட்டது?"

கண்ணன் அதைத் தமிழில் சொன்னதும் அன்ரி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மகனிடம் சொன்னார்:

"வீடு வாங்கேக்கையே இருந்ததெண்டு சொல்லு."

கண்ணன் அதை ஆங்கிலத்தில் சொன்னான்.

2

அந்த மண்ணைப் போட்டது நான்.

தொண்ணூற்றிரண்டில் இந்த வேலைக்கு வந்து நான்கு மாதம். கொப்பு இழுப்பதும் அதை அரைக்கும் சிப்பர் மெசினுக்குள் தள்ளுவதும்தான் தெரியும். ஆனால் கொம்பனி ரக்கில் ஏறிப் போவதால் சனம் என்னை மரம் தெரிந்தவன் என்று நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி வரச் சொன்னார். மேப்பிளின் வேர் நிலத்துக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. அங்கிள் அதில் இரண்டு தரம் தடக்கியிருந்தார்.

"அன்ரி, மரம் மண்ணுக்கு ஏங்குது. அணைச்சு விடுவம்," என்றேன்.

வாழைக்குச் செய்வதை மேப்பிளுக்குச் செய்தேன். பேஸ்மென்டுக்குத் தனி வாசல் வெட்டிய மண் பின் வளவில் குவிந்து கிடந்தது. தள்ளுவண்டிலில் கொண்டுவந்து கொட்டினேன். அப்போது அங்கிளுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. செங்கல்லை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கித் தந்தார். வடிவாகத்தான் இருந்தது. அன்ரி மண்ணில் செவ்வந்தி நட்டார். காசு வேண்டாம் என்றேன். பிட்டும் மீன்குழம்பும் தந்தார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வெளிக்கிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"மண் இறங்கும் அன்ரி. வருசத்துக்கு ரெண்டு பை வாங்கிப் போடுங்கோ."

ஊரில் மேலே போட்ட மண் இரண்டு கிழமையில் காய்ந்துவிடும். இங்கே ஏரிக்காற்று. பனி உருகிய நாள் தொடங்கித் திரும்பப் பனி கொட்டும்வரை, அடி மரத்தில் ஒட்டிய மண் காயாது. பட்டை அதற்குள் ஊறிப் போகும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

3

மனுவலிடம் ஒரு சட்டம் இருந்தது. அவரைக் கேட்காமல் ஆருடைய மரத்திலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த நாள் வேலைக்கு வரத் தேவையில்லை. ஒருவரை அப்படி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில். அவர்களை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் போட்டிருந்தேன். அதற்கு வேலைக் கடிதம் தந்தவர் மனுவல். அன்ரிக்கு அது தெரியும்.

மனுவல் எழும்பி முழங்காலைத் தட்டினார்.

"வீடு வாங்க முதலே போட்ட மண் எண்டால் பத்து, பதினைஞ்சு வருசம் இருக்கும். அடி உக்கியிருக்கும். வெட்டத்தான் வேணும். வாற செவ்வாய் கிரேன் கொண்டு வாறம்."

கண்ணன் மொழிபெயர்க்கவில்லை. கிரேன் என்ற சொல் அன்ரிக்கு விளங்கியது. ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவரின் மரத்தை வெட்டப் போகிறது. அது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நாலு வருசம்," என்றேன்.

மனுவல் திரும்பினார். "என்ன?"

"மண் போட்டு நாலு வருசம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் போட்டனான்."

அவர் ரக்குக்குப் போனார். என் சாமானை எறிந்துவிட்டுப் போகப் போகிறார் என்று நினைத்தேன். சின்ன மண்கரண்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு வந்தார். முழங்காலில் நின்று அடி மரத்தோடு ஒரு முழம் தோண்டினார். மண் சொதசொதவென்று இருந்தது. பழைய ஈரச் சாக்கின் மணம். கத்தி நுனியால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை. மறுபக்கம் தோண்டிக் கீறினார். அங்கே செத்த கபில நிறம்.

"ஒரு பக்கம் சீவன் இருக்கு," என்றார். "நாலு வருசமெண்டால் தப்பவும் கூடும். தப்பாமலும் போகும். மே மாசம் இலை சொல்லும்."

பிறகு என்னிடம்: "மெசின் இல்லை. மண்ணைக் கையாலை எடு. உன்ரை ஞாயிற்றுக்கிழமையிலை. வேரிலை மண்வெட்டி பட்டால் நீ திங்கள் வராதை."

வேலை போகவில்லை என்பது எனக்கு ரக்கில் ஏறிய பிறகுதான் விளங்கியது.

"விழாதெண்டு ஆர் எழுதித் தருவினம்?" என்று கண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. மனுவல் செத்த கொப்புகளை அன்றைக்கே கொம்பனி ஆட்களையும் கூப்பிட்டு இறக்கினார். மிஞ்சிய இரண்டு பெருங்கொப்புகளையும் கேபிள் போட்டு இழுத்துக் கட்டினார். மே மாதம்வரை கட்டிலைப் பின் அறைக்கு மாற்றச் சொன்னார்.

கட்டிலை நானும் கண்ணனும் தூக்கினோம். பின் அறை ஜன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாடு எடுக்கவில்லை என்று அன்ரி பிறகு சொன்னார்.

முன் அறையில் கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தரையில், ஒரு பாயும் தலையணையும் கிடந்தன.

"உது ஆற்றை பாய்?" என்றேன்.

"என்ரைதான். காத்து அடிக்கிற நாளிலை இதிலை படுப்பன்," என்றான் கண்ணன்.

அன்ரி கேட்டுக்கொண்டு நின்றார். கார் கதை அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை.

4

செப்டெம்பரில் நான்கு ஞாயிறு, ஒக்டோபரில் இரண்டு. பனியில் நிலம் இறுக முதல் முடிக்க வேண்டும். செங்கல்லைக் கழற்றினேன். மேல் மண்ணைச் சின்னக் கரண்டியால், பட்டையோடு ஒட்டியதை விரலால், கடைசியில் பெயின்ற் பிரஷால் எடுத்தேன். மண்ணுக்குள் புது வேர் விட்டு அடி மரத்தைச் சுற்றி இறுக்கியிருந்தது. பெருவிரல் தடிப்பில் ஏழு. அவற்றை மனுவல் வந்து தன் கையால் உளி வைத்து வெட்டினார். அதை மட்டும் என்னிடம் விடவில்லை.

அன்ரி பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருப்பார். நான் நிரப்பும் ஒவ்வொரு வண்டிலுக்கும் கராஜ் சுவரில் சோக்கால் ஒரு கோடு போடுவார்.

"பிட்டுத் தந்து உம்மை நான் கெடுத்துப்போட்டன் தம்பி. இந்தமுறை பாணும் சம்பலும்தான்."

"அன்ரி, அண்டைக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உம்மடை மனிசி பிள்ளையள் வரவேணுமெல்லோ. மரம் விசாவுக்கு நிக்கேல்லையே."

சுவரில் அடுத்த கோட்டைப் போட்டார். பிறகு, "ஆனால் கிரேன் எண்ட உடனை எனக்கு நெஞ்சு அடைச்சுப்போட்டுது," என்றார்.

நான் திரும்ப மண்ணைக் கிண்டினேன்.

5

அடுத்த மே. மற்ற வீட்டு மேப்பிள்கள் இலை விட்டு ஒரு கிழமை கழிந்தும் இது விடவில்லை. வேலை முடிந்து பின்னேரங்களில் அந்தத் தெருவால் சுற்றிக்கொண்டு போனேன். ஒன்பதாம் நாள் கிழக்குக் கொப்புகளில் விட்டது. பிறகு தெற்கில். கபிலமாக இருந்த பக்கம் விடவேயில்லை.

மனுவல் வந்து மேலே பார்த்தார். "மூண்டிலை ஒரு பங்கை எடுப்பம். மிச்சம் நிக்கும்."

அந்தச் சனிக்கிழமை நானும் கண்ணனும் கட்டிலை முன் அறைக்குத் திரும்பத் தூக்கினோம். அங்கிளுக்கு இடக்கை மட்டும் வேலை செய்யும். அதால் ஜன்னல் சீலையை ஒதுக்கினார். ஒதுக்கியபடியே பிடித்துக்கொண்டு கிடந்தார். கண்ணன் தரையில் கிடந்த பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தான்.

இந்த வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். வயதான மரத்தைக் கண்டால் ஏதாவது செய்யவேண்டும் என்று கை துடிக்கும். முதலில் குந்தி இருந்து கழுத்தைப் பாருங்கள். அது காற்றுப் பட நிற்க வேண்டும். மரத்தில் பிழை விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். எத்தனை வருசம் என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம்.

அன்ரியின் சோக்குக் கோடுகளைப் பிறகு நின்று எண்ணிப் பார்த்தேன். நான் தொண்ணூற்றிரண்டில் போட்டது பதினெட்டு வண்டில். மிச்ச மூன்றும், என் சொல்லைக் கேட்டு வருசத்துக்கு இரண்டு பையாக அன்ரி வாங்கிப் போட்டது. சுவரில் இருந்தது இருபத்தொன்று.