முதுகுப்புற மண்டபம்

அந்த அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு செய்துவந்தவளை எல்லோரும் டைப்பிங் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடை நோட்டீஸ் எல்லாம் அவள் விரல் வழியாகப் போனவைதான். எதுவும் மனசில் ஒட்டாது. "படிச்சுக்கிட்டே அடிச்சா வேலை ஓடுமா?" என்பாள்.

அம்மன் கோயில் செயலாளர் கொண்டுவந்த பழைய தல வரலாறு மட்டும் ஒட்டிக்கொண்டது. தொட்டால் உதிரும் தாள். மங்கிய எழுத்தை உற்றுப் படித்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது.

ஒரு பெரிய வீட்டு மருமகளுக்குத் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதாம். வீட்டைக் காலி செய்யச் சொன்னாள். புத்தி பேதலித்துவிட்டது என்று முன்னறையில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் வீடு மண்ணுக்குள் போனது. பூட்டிய அறை மட்டும் நின்றது. திறந்தால் அவள் இல்லை, ஒரு கற்சிலை இருந்தது. அந்த அறைதான் கருவறை. 'என் முதுகுக்குப் பின்னால் பள்ளம். அங்கே கல்மேல் கல் வைக்காதீர்கள்' என்பது அம்மன் வாக்கு.

புரூஃப் பார்த்த செயலாளர் அந்த வாக்கைச் சிவப்பு மையால் அடித்தார். "இதை எடுத்துடுங்கம்மா."

"அம்மன் சொன்னதாச்சே, சார்?"

"பின்னாடி ரெண்டு மாடி மண்டபம் எழும்புது. திறப்புக்கு வர்றவங்க கையில இதைக் கொடுத்தா நல்லாவா இருக்கும்?"

எடுத்துவிட்டாள். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதானே.

ஆனால் அந்த மண்டபத்தில்தான் அவள் வீட்டுக்காரர் கொத்து வேலை பார்த்தார். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டாள். "அங்க தரை எப்படிங்க இருக்கு?"

"அதை ஏன் கேக்குற. ஊத்துற தண்ணி தேங்கவே மாட்டேங்குது. எங்க போகுதுன்னே தெரியல. மேஸ்திரிகிட்ட சொன்னேன், உன் வேலையைப் பாருன்னுட்டார்."

அவள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். "நாளைக்குப் போகாதீங்க."

"மேல்தளக் கான்கிரீட்டே நாளைக்குத்தான். நான் போகாம?" சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

மறுநாள் காலை அச்சகத்துக்குக் கிளம்பியவளின் கால் கோயில் பக்கம் திரும்பியது. மேல்தளத்தில் வீட்டுக்காரர், மேஸ்திரி உட்படப் பத்துப் பேர் நின்றார்கள். கீழே கலவை இயந்திரம் காதைப் பிளந்தது. அம்மன் வாக்கு என்றால் சிரிப்பார்கள். வாய்க்கு வந்ததைக் கத்தினாள்.

"யோவ், இறங்கு கீழ! வீட்டை அந்த லட்சணத்துல போட்டுட்டு இங்க என்னய்யா பண்ற?"

குரல் உயர்த்தியே அறியாதவள். மானம் போகிறதே என்று அவர் விறுவிறுவென்று இறங்கிவந்து அவளைத் தெருவுக்கு இழுத்துப்போனார். "பைத்தியமாடி உனக்கு?" புருஷன் பெண்டாட்டி சண்டையை யார் விடுவார்கள்? மற்றவர்களும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களை வேலைக்கு விரட்ட மேஸ்திரியும் வந்தார்.

இயந்திரச் சத்தம் பட்டென்று நின்றது. திரும்பினால் மண்டபம் இல்லை, புழுதிதான் இருந்தது. இயந்திரம் ஓட்டியவருக்குக் காது மந்தம். இங்கே சண்டை நடப்பதே அவருக்குத் தெரியாது. இயந்திரத்தோடு அவரும் மண்ணுக்குள் போய்விட்டார்.

ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. அவளுக்கு அது பொறுக்கவில்லை. "அவரையும் கையைப் பிடிச்சு இழுத்திருக்கணும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

செயலாளர் மறுபடி வந்தார். "அந்த வாக்கைச் சேர்த்துடுங்கம்மா, கொட்டை எழுத்துல. அம்மனே ஒரு பொண்ணா வந்து பத்துப் பேரைக் காப்பாத்தினான்னும் போடுங்க."

"செத்தவரைப் பத்தி?"

"தல வரலாத்துல சாவு எதுக்கும்மா?"

"அப்போ வேற ஆளைப் பாருங்க" என்று எழுந்துவிட்டாள்.

அடுத்த மழையில் பள்ளத்தின் விளிம்பு சரிந்து, விரிசல் கோயிலை ஒட்டிய அவள் தெருவுக்குள் வந்தது. அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் வண்டி கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்களும் கிளம்பிடுங்க."

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.